உட்ரோ வில்சன்: பதினான்கு அம்சத்துக்கு வெளியே இருக்கும் மனுஷர்

#1 வைகைக்கரை

முதல் உலகப் போர்க் காலத்து அமெரிக்க அதிபர் வில்சன். பத்தாம் வகுப்பில் இந்த மனுஷரால் நான் அடி வாங்கியிருக்கிறேன். போருக்குப் பின் சமாதானத்துக்கு அவர் வைத்த பதினான்கு அம்சத் திட்டத்தை வரிசையாக ஒப்பிக்கச் சொன்னார் வாத்தியார். ஒன்பதாவது, இத்தாலியின் எல்லை வரைக்கும் தடங்கலில்லாமல் போனேன். அதற்கப்புறம் வாய் கட்டிக்கொண்டது. மீதி ஐந்துக்கும் ஆளுக்கொரு பிரம்படி.

இப்போது என் தங்கச்சி போட்டித் தேர்வுக்குப் படிக்கிறாள். நேற்று பாடம் சொல்லிக்கொண்டிருந்தபோது கேட்டாள்: "உலக சமாதானத்துக்குப் பாடுபட்டார், நோபல் பரிசு வாங்கினார்னு போட்டிருக்கு. அப்புறம் ஏன் அவர் வேலை பார்த்த பிரின்ஸ்டன் பல்கலைக்கழகமே அவர் பேரை எடுத்துடுச்சு?" என்னிடம் பதில் இல்லை. அவருடைய நிறவெறிதான் காரணம் என்று பொத்தாம்பொதுவாக ஒன்று சொல்லிச் சமாளித்தேன். "அப்படி என்ன செஞ்சார்?" என்று அடுத்த கேள்வி வந்தது. மாட்டிக்கொண்டேன்.

விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். நல்லவரா கெட்டவரா என்று பட்டிமன்றம் வேண்டாம். என்ன செய்தார் என்பதுதான் வேண்டும்.

#2 ரயிலடி

நான் பிரின்ஸ்டனிலிருந்து இரண்டு ஸ்டேஷன் தள்ளி இருக்கிறேன். அதனால் அந்தப் பகுதியை மட்டும் சொல்கிறேன்.

1902 முதல் 1910 வரை வில்சன் அந்தப் பல்கலைக்கழகத்தின் தலைவர். அதை உருப்படியான இடமாக ஆக்கியதே அவர்தான் என்று இங்கே இன்றும் சொல்வார்கள். அதற்கு முன்னால் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் பொழுது போக்கும் இடம் என்றுதான் அதற்குப் பேர். ஐம்பது இளம் ஆசிரியர்களை ஒரே மூச்சில் வேலைக்கு எடுத்து, சின்னச் சின்னக் குழுக்களாக உட்கார்ந்து படிக்கும் முறையைக் கொண்டுவந்தார். அதே ஆள்தான் 1909-ல் கறுப்பின மாணவர் ஒருவர் சேர விரும்பியபோது, இங்கே வருவது உசிதமில்லை என்று பதில் சொல்லவைத்தார். ஹார்வர்டும் யேலும் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே கதவைத் திறந்துவிட்டன. ஆக, "அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான்" என்ற சமாதானம் இங்கே செல்லாது.

2015-ல் மாணவர்கள் தலைவரின் அலுவலகத்தில் போய் உட்கார்ந்தார்கள். 2016-ல் அறங்காவலர்கள் பெயர் இருக்கட்டும் என்றார்கள். மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ் கையில் கொல்லப்பட்டதற்குப் பிறகு, 2020 ஜூனில் அதே அறங்காவலர்கள் பொது விவகாரப் பள்ளியிலிருந்து அவர் பெயரை நீக்கினார்கள். வில்சன் செய்ததில் நான்கு ஆண்டுகளில் புதிதாக எதுவும் சேர்ந்துவிடவில்லை. பார்க்கிற கண்தான் வேறு.

#3 எட்டாம்நம்பர்

பெயரை எடுத்தால் நடந்தது நடக்காமல் போய்விடுமா? அடுத்து பாலத்துக்கும் பேர் மாத்தணும். வாஷிங்டன்ல பொட்டோமாக் ஆத்து மேல அவர் பேர்ல ஒரு பாலம் இருக்கு.

#4 தாழ்வாரம்

எட்டாம்நம்பர் தம்பி, பாலம் அங்கேயேதான் இருக்கிறது. அதற்கும் ஒரு கதை உண்டு, பிறகு வருகிறேன்.

முப்பது வருடம் வரலாறு நடத்தியவன் நான். வைகைக்கரை வாங்கிய அடியில் எங்கள் வாத்தியார் இனத்துக்கும் பங்கு உண்டு என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தாமஸ் உட்ரோ வில்சன், 1856 டிசம்பர் 28-ல் வர்ஜீனியா மாநிலம் ஸ்டான்டனில் பிறந்தார். அப்பா பிரெஸ்பிடேரியன் பாதிரியார். பிள்ளைப் பருவம் ஜார்ஜியாவின் அகஸ்டாவிலும் தென் கரோலினாவின் கொலம்பியாவிலும். உள்நாட்டுப் போரில் தோற்ற தெற்கின் சாம்பலில் வளர்ந்த பிள்ளை என்பதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வருவது பாதி விளங்கும். பத்து வயதாகியும் அவருக்கு ஒழுங்காக எழுத்துக்கூட்டிப் படிக்க வரவில்லை. அந்தப் பிள்ளைதான் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் முனைவர் பட்டம் வாங்கினார். அமெரிக்க அதிபர்களில் முனைவர் பட்டம் பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவரே. இடையில் அட்லாண்டாவில் வக்கீல் பலகை மாட்டிப் பார்த்தார். கட்சிக்காரர் யாரும் வராததால் கழற்றிவிட்டார்.

பிரின்ஸ்டனில் அவர் மூக்குடைபட்ட கதை ஒன்று உண்டு, அதைத்தான் நான் வகுப்பில் சொல்லுவேன். மேற்பட்டப் படிப்புக்கான கல்லூரியை எங்கே கட்டுவது என்று ஆண்ட்ரூ வெஸ்ட் என்ற டீனோடு தகராறு. வளாகத்துக்கு நடுவில் கட்ட வேண்டும் என்றார் வில்சன். தள்ளி, கோல்ஃப் மைதானத்துப் பக்கம் என்றார் வெஸ்ட். இதில் உலகம் மூழ்கிப்போகிற விஷயம் ஒன்றுமில்லை. சமரசத்துக்கு வழியும் வந்தது. வில்சன் அதைக் கொள்கைப் போராட்டமாக்கினார், பழைய நண்பர்களைப் பகைத்துக்கொண்டார். கடைசியில் ஒரு பழைய மாணவர் இறந்துபோய், உயிலில் பெருந்தொகையை எழுதி, அதை நிர்வகிக்கும் பொறுப்பில் வெஸ்டையும் வைத்துவிட்டார். உயிரோடு இருப்பவர்களோடு சண்டை போடலாம், செத்தவரோடு எப்படிப் போடுவது என்று வில்சனே சொன்னதாகச் சொல்வார்கள். தோற்று வெளியே வந்தார். வெளியே வந்தவரை நியூ ஜெர்சி அரசியல் பிடித்துக்கொண்டது. 1911-ல் ஆளுநர், 1913-ல் அதிபர். இரண்டே ஆண்டு!

இந்தக் கட்டடத் தகராறை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்து இதே நாடகம் செனட் சபையில் நடக்கும்.

#5 எட்டாம்நம்பர்

ஐயா, ரெண்டு வருஷத்துல ஆளுநர்ல இருந்து அதிபரா? யார் கைவரிசை?

#6 தாழ்வாரம்

எதிர்க்கட்சியின் கைவரிசைதான். 1912-ல் குடியரசுக் கட்சி இரண்டாகப் பிளந்தது. பதவியில் இருந்த டாஃப்ட் ஒருபுறம், அவரைக் கொண்டுவந்த தியடோர் ரூசவெல்ட் தனிக்கட்சி கட்டி மறுபுறம். வில்சனுக்கோ சொந்தக் கட்சியிலேயே இழுபறி. பால்டிமோர் மாநாட்டில் 46-ஆவது சுற்று வாக்கெடுப்பில்தான் வேட்பாளர் ஆனார். மக்கள் வாக்கில் அவர் பெற்றது 42 விழுக்காட்டுக்கும் கொஞ்சம் குறைவு. அதிபர் யார் என்று முடிவு செய்யும் தேர்வாளர் வாக்கில் 435. டாஃப்டுக்கு வெறும் 8. ஓட்டுப் பிரிந்தால் என்ன நடக்கும் என்பதை நம்மவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

#7 கரிசல்

தோழர்களே, "அப்படி என்ன செஞ்சார்?" என்ற தங்கச்சி கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

1912 தேர்தலில் டபிள்யூ. ஈ. பி. டுபோய்ஸ் வில்சனுக்கு ஆதரவு கொடுத்தார். கறுப்பின மக்களின் தலைசிறந்த அறிவாளி, ஹார்வர்டில் முனைவர். பாஸ்டன் பத்திரிகையாளர் வில்லியம் மன்றோ டிராட்டரும் ஆதரித்தார். நீதி கிடைக்கும் என்ற நம்பிக்கை. பதவியேற்ற சில மாதங்களில் நடந்தது இது: தபால் துறை அமைச்சர் பர்லசனும் நிதியமைச்சர் மெக்அடூவும் தங்கள் அலுவலகங்களில் கறுப்பின ஊழியர்களைப் பிரித்து வைக்கத் தொடங்கினார்கள். தனி மேசை, தனிச் சாப்பாட்டு அறை, தனிக் கழிப்பறை. வில்சன் தலையாட்டினார். வேலையின் தன்மை காரணமாகப் பிரித்து உட்காரவைக்க முடியாத ஒரு குமாஸ்தாவைச் சுற்றிக் கூண்டு கட்டினார்கள் என்று டுபோய்ஸ் 1913 செப்டம்பரில் வில்சனுக்கே பகிரங்கக் கடிதம் எழுதினார். 1914 முதல் மத்திய அரசு வேலைக்கு விண்ணப்பித்தால் புகைப்படம் ஒட்ட வேண்டும். எதற்கு என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உள்நாட்டுப் போருக்குப் பின் ஐம்பது ஆண்டுகளில், படித்த கறுப்பின மனிதர் மரியாதையாகச் சம்பளம் வாங்க இருந்த வாசல்களில் வாஷிங்டன் அரசு உத்தியோகம் முக்கியமானது. வீடு வாங்கினார்கள், பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். அந்த வாசலைத்தான் இந்த அரசு குறுக்கியது. இருந்த பாகுபாட்டைக் கண்டுகொள்ளாமல் விட்டார் என்பது வேறு, இல்லாத இடத்தில் கொண்டுவந்து வைத்தார் என்பது வேறு.

1914 நவம்பரில் டிராட்டர் ஒரு குழுவோடு வெள்ளை மாளிகைக்குப் போய் நேருக்கு நேர் கேட்டார். பிரித்து வைப்பது அவமானமில்லை, உங்களுக்கு நன்மை என்றார் வில்சன். டிராட்டர் விடவில்லை. உங்கள் பேச்சின் தொனி சரியில்லை என்று கோபித்துக்கொண்டு பேட்டியை முடித்தார் அதிபர். மறுநாள் பத்திரிகைகளில் செய்தியே டிராட்டரின் "திமிர்"தான். கேள்வி என்ன என்பதை விட்டுவிட்டுக் கேட்டவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றானா என்று பார்க்கிற பழக்கம் நமக்குப் புதிதா என்ன.

அடுத்த பிப்ரவரியில் கறுப்பின மக்களைத் தாக்கிய கு கிளக்ஸ் கிளான் கும்பலைக் கொண்டாடும் ஒரு மௌனப் படத்தை வெள்ளை மாளிகையிலேயே போட்டுப் பார்த்தார்.

#8 கணக்குப்பிள்ளை

வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கரிசல் எழுதியதில் ஒரு வரியையும் நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் இப்படியே போனால் அந்த மனிதர் எட்டு வருடம் கூண்டு கட்டுவதை மட்டுமே வேலையாகச் செய்தார் என்று ஆகிவிடும்.

1907-ல் நியூயார்க்கில் வங்கிகள் சீட்டுக்கட்டுபோலச் சரிந்தபோது நாட்டைக் காப்பாற்றியது அரசாங்கம் இல்லை, ஜே. பி. மார்கன் என்ற தனிமனிதர். தன் வீட்டு நூலகத்தில் வங்கி முதலாளிகளை உட்காரவைத்துப் பேசி முடித்தார். ஒரு கிழவரின் உடல்நலத்தை நம்பி ஒரு நாட்டின் பணம் இருக்கலாமா? 1913 டிசம்பர் 23-ல் வில்சன் கையெழுத்துப் போட்ட சட்டத்தில் பிறந்ததுதான் ஃபெடரல் ரிசர்வ், அமெரிக்காவின் மத்திய வங்கி. வங்கிக்காரர்கள் அது தங்கள் கையில் இருக்க வேண்டும் என்றார்கள். வில்சன் கட்சியிலேயே இருந்த பிரையன் அணியினர் அரசின் கையில் வேண்டும் என்றார்கள். பன்னிரண்டு வட்டார வங்கிகள், மேலே வாஷிங்டனில் ஒரு வாரியம் என்று இரண்டையும் முடிச்சுப்போட்டார். இன்றைக்கு அந்த வாரியம் வட்டியைக் கால் விழுக்காடு ஏற்றினால் மும்பை பங்குச் சந்தை மறுநாள் காலையிலேயே தும்முகிறது.

வருமான வரி அதே ஆண்டு. 3,000 டாலருக்கு மேல் சம்பாதித்தால் 1 விழுக்காடு, உச்சத்தில் இருப்பவர்களுக்கே மொத்தம் 7 விழுக்காடு. அந்தக் காலத்தில் பெரும்பாலான அமெரிக்கர்கள் அந்த வரம்புக்குள்ளேயே வரவில்லை. 1914-ல் பெரிய கம்பெனிகளின் ஏகபோகத்தை அடக்கக் கிளேட்டன் சட்டம், வணிக ஆணையம். 1916-ல் ரயில்வேக்காரர்களுக்கு எட்டு மணி நேர வேலை. குழந்தைத் தொழிலாளர் உழைப்பில் வந்த சரக்கை மாநிலம் விட்டு மாநிலம் அனுப்பத் தடை போட்டார், 1918-ல் உச்ச நீதிமன்றம் அதை அடித்துப்போட்டது. அதே நீதிமன்றத்துக்கு முதல் யூத நீதிபதியாக லூயி பிராண்டைஸை நியமித்தவரும் அவர்தான், அதற்கு வந்த எதிர்ப்பு கொஞ்சநஞ்சமில்லை.

சமரசமே தெரியாதவர் என்று தாழ்வாரம் ஐயா சொல்கிறார். முதல் நான்கு வருடம் அப்படித் தெரியவில்லையே?

#9 தாழ்வாரம்

நியாயமான கேள்வி. முதல் நான்கு வருடம் இரு சபையும் அவர் கட்சியிடம். கையில் பெரும்பான்மை இருக்கும்போது எல்லோரும் வளைந்து கொடுப்பவர்கள்போலத்தான் தெரிவார்கள். ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன், ஜான் ஆடம்ஸுக்குப் பிறகு நூறு வருடத்துக்கு மேலாக எந்த அதிபரும் செய்யாததை அவர் செய்தார். 1913 ஏப்ரலில் தானே நாடாளுமன்றத்துக்கு நேரில் போய் உரையாற்றினார். அதுவரை எழுதி அனுப்புவார்கள், குமாஸ்தா வாசிப்பார்.

#10 மல்லிகைப்பந்தல்

ஆண்களே, பெண்களைப் பற்றி யாராவது ஒரு வரி எழுதுவீர்கள் என்று இரண்டு நாளாகப் பார்த்தேன். சரி, நானே எழுதுகிறேன்.

1917 ஜனவரி 10 முதல் ஆலிஸ் பாலும் தோழிகளும் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு வெள்ளை மாளிகை வாசலில் பதாகையோடு நின்றார்கள். ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். மழையிலும் பனியிலும் நின்றார்கள். அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியதும் கைது தொடங்கியது. வழக்கு என்ன தெரியுமா? போக்குவரத்துக்கு இடைஞ்சல்! ஆக்கோக்வான் என்ற இடத்தில் அடைத்து வைத்து அடித்தார்கள். உண்ணாவிரதம் இருந்தவர்களுக்கு மூக்கிலும் வாயிலும் குழாய் செருகி உணவு ஏற்றினார்கள். உலகத்தை ஜனநாயகத்துக்குப் பாதுகாப்பான இடமாக்கப் போகிறேன் என்று அதிபர் முழங்கிய அதே ஆண்டு.

1918 ஜனவரியில் அவர் மனம் மாறினார், செப்டம்பரில் செனட்டுக்கே போய்ப் பெண்கள் வாக்குரிமைக்காகப் பேசினார். அந்தப் பெருமையை மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகும் தீர்மானம் செனட்டில் தோற்றது. எனவே 1919 ஜனவரியில், அவர் பாரிஸ் சமாதான மாநாட்டில் சுதந்திரம் பற்றிப் பேசப் பேச, வெள்ளை மாளிகை வாசலில் ஒரு தாழியில் தீ மூட்டி அந்தப் பேச்சுகளைத் தாளோடு போட்டு எரித்தார்கள். எனக்கு வில்சன் என்றதும் நினைவுக்கு வருவது அந்தத் தாழிதான். 1920 ஆகஸ்டில் வாக்குரிமை வந்தது.

இன்னொன்று, நான் மருத்துவர். அவருடைய நோய் பற்றித் தனியாக எழுதுகிறேன், இப்போது ஓ.பி. நேரம்.

#11 யாழ்_முற்றம்

வணக்கம். நான் இந்த இழையை மூன்று நாளாய் வாசிச்சுக்கொண்டு இருக்கிறன். எங்கட ஊரில "சுயநிர்ணய உரிமை" எண்ட சொல்லைக் கேட்காமல் ஒருத்தரும் வளர்ந்திருக்க மாட்டினம். 1985-ல திம்புப் பேச்சுவார்த்தையில தமிழர் தரப்பு வைச்ச நாலு கோட்பாட்டில அதுவும் ஒண்டு. வில்சன்தான் அந்தச் சொல்லைத் தந்தவர், பதினான்கு அம்சத்தில இருக்குது எண்டு எங்கட பெரியாக்கள் சொல்லுவினம். நானும் அப்பிடித்தான் நம்பி இருந்தனான்.

பிறகு அந்த உரையை எடுத்து முழுக்க வாசிச்சன். 1918 ஜனவரி 8-ல பேசின உரை. பாருங்கோ, அந்தச் சொல் அதில இல்லவே இல்லை! லெனின்தான் அதை முதல்ல பெரிசாக் கதைச்சவர். பிரிட்டிஷ் பிரதமர் லாய்ட் ஜார்ஜும் மூண்டு நாள் முந்திச் சொல்லிப்போட்டார். வில்சன் வாயில அது வந்தது பிப்ரவரி 11 உரையிலதான். பதினான்கில போலந்துக்குச் சுதந்திரம் எண்டு நேராய் இருக்குது. ஆஸ்திரியா-ஹங்கேரி சனத்துக்கு "தன்னாட்சியாய் வளர வாய்ப்பு" எண்டு கொஞ்சம் மழுப்பலாய் இருக்குது. காலனிகளைப் பற்றி இருக்கிறது ஒரேயொரு அம்சம், ஐந்தாவது. அதிலயும் ஆளப்படுற சனத்தின்ர நலனுக்கும் ஆளுற அரசின்ர உரிமைக்கும் சமமான எடை குடுக்கோணும் எண்டுதான் இருக்குது. அந்தச் சனத்தைக் கேக்கோணும் எண்டு இல்லை.

அவற்ற வெளியுறவு அமைச்சர் ராபர்ட் லான்சிங்குக்கே பயம் வந்திட்டுது. இந்தச் சொல்லுக்குள்ள வெடிமருந்து இருக்குது, நிறைவேறாத ஆசைகளைக் கிளப்பிவிடும் எண்டு 1918 முடிவில தன்ர குறிப்பில எழுதி வைச்சவர்.

அந்தாள் சொன்னது சரியாய்ப் போச்சு. 1919 மார்ச்சில கொரியாவில சனம் ஜப்பானுக்கு எதிராய்த் தெருவுக்கு வந்தது. எகிப்தில சாத் ஸக்லூலை நாடு கடத்தக் கிளர்ச்சி வெடிச்சது, அதே நேரம் பிரிட்டனின்ர பாதுகாப்பாட்சியை வில்சன் ஏற்றுக்கொண்டார். மே 4-ல பீக்கிங் மாணவர் கொதிச்செழும்பினது, சீனாவின்ர ஷான்டுங்கை ஜப்பானுக்குக் குடுத்ததால. பாரிஸில ஒரு வியட்நாம் இளைஞன் மனு எழுதிக்கொண்டு அலைஞ்சான், பின்னாளில ஹோ சி மின் எண்டு பேரெடுத்தவன்.

சொன்னவர் ஐரோப்பாவை நினைச்சுச் சொன்னார். கேட்டவை தங்களை நினைச்சுக் கேட்டவை. நான் வில்சனைத் திட்டவும் இல்லை, கும்பிடவும் இல்லை. சொல்லை வைச்சிருக்கிறம், சொன்னவரை விட்டிட்டம்.

#12 ரயிலடி

யாழ்_முற்றம், அருமை. பாரிஸில் இன்னொன்றும் நடந்தது. ஐ.நா.வுக்கு முன்னோடியான உலக சங்கத்தின் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) சாசனத்தில் இனச் சமத்துவம் பற்றி ஒரு வாசகம் சேர்க்க வேண்டும் என்று ஜப்பான் கேட்டது. 1919 ஏப்ரல் 11-ல் வாக்கெடுத்தார்கள். 17-ல் 11 ஆதரவு. தலைமையில் இருந்த வில்சன், ஒருமனதாக இல்லையே என்று தள்ளிவிட்டார். ஆஸ்திரேலியாவும் பிரிட்டனும் எதிர்த்தன என்பது உண்மை. ஆனால் சங்கத்தின் தலைமையகம் ஜெனீவாவா என்ற விஷயத்தில் பெரும்பான்மையே போதும் என்றிருந்தார்கள்.

நியாயத்துக்கு மறுபக்கம்: இந்தியா உட்பட ஆசியாவின் பெரும்பகுதியிலிருந்து யாரும் அமெரிக்காவில் குடியேறக்கூடாது என்ற 1917 சட்டத்தை அவர் நிராகரித்தார், நாடாளுமன்றம் அதையும் மீறி நிறைவேற்றியது. ரொம்ப சந்தோஷப்படாதீர்கள். அவர் நிராகரித்தது அதிலிருந்த எழுத்தறிவுத் தேர்வுக்காக. ஆசியாவுக்குப் போட்ட வேலி அவரை உறுத்தவில்லை.

#13 கரிசல்

ஹைட்டி விட்டுப்போச்சு. சிறிய நாடுகளின் உரிமை என்று பேசியவர் 1915-ல் கடற்படையை அனுப்பிப் பிடித்த நாடு. அமெரிக்கப் படை 1934 வரை அங்கே இருந்தது. அடுத்த ஆண்டு பக்கத்திலேயே டொமினிகன் குடியரசு.

யூஜின் டெப்ஸ் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1912-ல் வில்சனை எதிர்த்து நின்ற சோஷலிஸ்ட். 1918 ஜூனில் ஓஹையோவின் கான்டனில் போரை எதிர்த்து ஒரு பேச்சு, அவ்வளவுதான். உளவுச் சட்டத்தின் கீழ் பத்து ஆண்டு தண்டனை. வில்சன் பிழைக்க முடியாத அதே அட்லாண்டாவில் சிறை. 1920-ல் கைதியாகவே அதிபர் தேர்தலில் நின்று ஒன்பது லட்சத்துக்கு மேல் வாக்கு வாங்கினார். போர் முடிந்து இரண்டு ஆண்டு ஆகியும் வில்சன் மன்னிக்கவில்லை. சிவப்புக்காரர்களை வேட்டையாடிய அட்டர்னி ஜெனரல் பாமரே, கிழவரை விட்டுவிடலாம் என்று எழுதிக் கொடுத்தார். முடியாது என்று எழுதித் திருப்பினார் வில்சன். விடுவித்தது அவருக்குப் பின் வந்த ஹார்டிங். கொள்கையே இல்லாத ஆள் என்று வரலாறு கேலி செய்யும் ஹார்டிங்!

#14 மல்லிகைப்பந்தல்

டெப்ஸ் விஷயத்தில் அந்த ஈவிரக்கமின்மையை முழுக்க அவர் குணம் என்று எழுதிவிடலாமா என்று எனக்குச் சந்தேகம். நோயாளியைப் பார்க்காமல் நோயைச் சொல்லக்கூடாது என்பது எங்கள் தொழில் தர்மம். எனவே பதிவானதை மட்டும் சொல்கிறேன்.

1906-ல் ஒரு காலை விழித்தபோது இடது கண் தெரியவில்லை. அதிபராவதற்கு ஏழு ஆண்டு முன்பே ரத்த நாளங்கள் எச்சரித்துவிட்டன. 1919 செப்டம்பரில் உலக சங்கத்துக்கு ஆதரவு திரட்ட ரயிலில் கிளம்பினார், மூன்று வாரத்தில் சுமார் 8,000 மைல். ஒலிபெருக்கி பெரும்பாலும் கிடையாது, தொண்டையால் கத்த வேண்டும். தலைவலி தாங்கவில்லை. செப்டம்பர் 25-ல் கொலராடோவின் பியூப்ளோவில் பேசியதோடு உடல் விட்டுவிட்டது. ரயிலைத் திருப்பினார்கள். அக்டோபர் 2, வாஷிங்டனில் பக்கவாதம். இடது பக்கம் முழுதும் செயலிழந்தது.

இதற்குப் பின் நடந்ததுதான் கொடுமை. மனைவி ஈடித்தும் மருத்துவர் கேரி கிரேசனும் நாட்டுக்கு உண்மையைச் சொல்லவில்லை. களைப்பு, ஓய்வு தேவை, அவ்வளவுதான் அறிக்கை. எந்தக் கோப்பு உள்ளே போக வேண்டும், எது வேண்டாம் என்பதை ஈடித் முடிவு செய்தார். மாதக்கணக்கில் அமைச்சரவை அதிபரைப் பார்க்கவே இல்லை. அவர் இல்லாமல் கூட்டம் நடத்தியதற்காக லான்சிங்கின் பதவியைப் பறித்தார்கள். டிசம்பரில் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளச் செனட்டர்கள் இருவர் பார்க்க வந்தார்கள். "உங்களுக்காகப் பிரார்த்தனை செய்துகொண்டிருக்கிறோம்" என்றார் ஃபால் என்ற செனட்டர். "எந்தப் பக்கமாக?" என்று வில்சன் கேட்டதாகச் சொல்வார்கள். போர்வைக்குள் இடக்கையை மறைத்து வைத்திருந்தார்கள்.

இந்த மாதிரிப் பக்கவாதத்தில் சிலருக்குத் தன் நோயின் அளவே உறைக்காது. பிடிவாதம் இன்னும் இறுகிவிடும். 1920-ல் மூன்றாவது முறையும் வேட்பாளராகலாம் என்று அவர் நினைத்தார் என்பதை யோசித்துப் பாருங்கள். அதிபர் செயலிழந்தால் என்ன செய்வது என்று எழுதிய 25-ஆவது திருத்தம் 1967-ல்தான் வந்தது. ஈடித்தைத் திட்டுபவர்கள் அந்த நாளில் சட்டமே வாய்மூடிக் கிடந்ததையும் சேர்த்துத் திட்ட வேண்டும்.

#15 கணக்குப்பிள்ளை

டாக்டர் அம்மா, கணவரைக் காப்பாற்றிய மனைவி என்று பார்த்தால் ஈடித் சரி. ஆனால் அவர் சம்பளம் வாங்கியது நாட்டிடம்.

#16 மல்லிகைப்பந்தல்

ஈடித் சம்பளமே வாங்கவில்லை ஐயா. அதுதான் சங்கடமே. :)

#17 தாழ்வாரம்

இப்போது கட்டடத் தகராறுக்கு வருகிறேன்.

1918 நவம்பர் தேர்தலுக்கு முன் வில்சன், என் கட்சிக்கே ஓட்டுப் போடுங்கள், இல்லையென்றால் உலகம் என்னை நம்பாது என்று மக்களிடம் கேட்டார். மக்கள் இரு சபையையும் எதிர்க்கட்சியிடம் கொடுத்துவிட்டார்கள். அதற்கப்புறமும் பாரிஸுக்குப் போகும்போது செனட்டிலிருந்து குடியரசுக் கட்சிக்காரர் ஒருவரைக்கூடக் கூட்டிப்போகவில்லை. உலக சங்கத்தையும் உள்ளடக்கிய அந்தப் பாரிஸ் சமாதான உடன்படிக்கையை நிறைவேற்ற வேண்டியது அதே செனட், அதுவும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு.

செனட்டின் வெளியுறவுக் குழுத் தலைவர், குடியரசுக் கட்சிக்காரர் ஹென்றி கேபட் லாட்ஜ். அவரும் முனைவர், ஹார்வர்டில். ஒருவரையொருவர் ஆகவே ஆகாது. சங்கத்தில் சேரலாம், ஆனால் உறுப்பு நாடுகளைக் காக்கச் சொல்லும் சாசனத்தின் பத்தாவது ஷரத்து நம்மைக் கேட்காமல் போருக்கு இழுக்கக்கூடாது என்று சில நிபந்தனைகளைச் சேர்த்தார் லாட்ஜ். பிரிட்டனும் பிரான்சும் அதோடேயே ஏற்றுக்கொண்டிருக்கும் என்று நான் நினைக்கிறேன், அமெரிக்கா உள்ளே வந்தால் போதும் என்ற நிலை அவர்களுக்கு. படுக்கையிலிருந்து வில்சன் சொன்ன பதில்: ஒரு கமாவும் மாறாது. தன் கட்சிக்காரர்களை நிபந்தனையோடு வந்தால் எதிர்த்து வாக்களிக்கச் சொன்னார்.

1920 மார்ச் 19, கடைசி வாக்கெடுப்பு. ஆதரவு 49, எதிர்ப்பு 35. ஏழு வாக்கு குறைவு. அந்த 35-ல் இருபதுக்கு மேற்பட்டோர் வில்சனின் சொந்தக் கட்சி, அவர் பேச்சைத் தட்டாதவர்கள். பெற்ற பிள்ளையின் கழுத்தில் பெற்றவரே கை வைத்தார். டாக்டர் அம்மா சொல்வதுபோல மூளைக்குப் போன ரத்தம் பாதி காரணமாக இருக்கலாம். பிரின்ஸ்டனில் அவர் திடமாகத்தானே இருந்தார் என்பது என் பக்கம்.

சங்கத்துக்காக அவருக்கு 1919-க்கான நோபல் பரிசு. அதில் அவர் நாடு உறுப்பினரே இல்லை. 1924 பிப்ரவரி 3-ல் இறந்தார்.

எட்டாம்நம்பர் கேட்ட பாலம்: 1961 டிசம்பர் 28, வில்சனின் பிறந்த நாளன்று திறப்பு விழா. கௌரவ விருந்தாளி 89 வயது ஈடித். அன்று காலை அவர் இறந்துபோனார்.

#18 எட்டாம்நம்பர்

யப்பா. சரி, பாலத்துக்குப் பேர் இருக்கட்டும்.

#19 தாழ்வாரம்

வைகைக்கரை, உங்களுக்காகக் கடைசிவரை பிடித்து வைத்திருந்தது ஒன்று. மதுரைதானே நீங்கள்?

மதுரையில் 1842-ல் பிறந்தவர் எஸ். சுப்பிரமணிய ஐயர். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி, மூன்று முறை தற்காலிகத் தலைமை நீதிபதி. சர் பட்டம், திவான் பகதூர் பட்டம். ஓய்வுக்குப் பிறகு அன்னி பெசன்ட்டின் ஹோம் ரூல் இயக்கத்துக்குக் கௌரவத் தலைவர். 1917 ஜூனில் பெசன்ட்டை ஊட்டியில் காவலில் வைத்தது சென்னை அரசு. அதே மாதம் 24-ஆம் தேதி, 74 வயதான இந்த மனிதர் வில்சனுக்கு ஒரு கடிதம் எழுதினார். தபாலில் போட்டால் தணிக்கையில் சிக்கும். ஆகவே இயக்கத்தோடு தொடர்புள்ள ஓர் அமெரிக்கத் தம்பதி, ஹாட்ச்னர் என்று பெயர், கையோடு எடுத்துப் போனார்கள்.

ஜனநாயகத்துக்காகப் போர் என்கிறீர்கள், நாங்கள் விலங்கில் கிடக்கிறோம், இந்தியாவுக்குத் தன்னாட்சி தருவதாக உடனே வாக்குறுதி கொடுக்கச் செய்தால் மூன்று மாதத்தில் 50 லட்சம் பேர் போர்முனைக்கு வருவார்கள், அடுத்த மூன்று மாதத்தில் இன்னொரு 50 லட்சம், என்பது கடிதத்தின் சாரம். பதினான்கு அம்சம் வருவதற்கு ஆறு மாதம் முன்பு! வில்சனின் ஏப்ரல் பேச்சை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எழுதியது.

வாஷிங்டனில் எதுவும் அசையவில்லை. பிரிட்டன் கூட்டாளி. அந்த ஆண்டுக் கடைசியில் சான் ஃபிரான்சிஸ்கோ நீதிமன்றத்தில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த இந்தியர்களின் கத்தர் (Ghadar) இயக்கத்தார் மீதே வழக்கு நடந்துகொண்டிருந்தது. அசைந்தது லண்டன்தான். கடிதம் வெளியாகி, 1918-ல் நாடாளுமன்றத்தில் இந்திய மந்திரி மாண்டேகு அதை இழிவானது என்று கண்டித்தார். சுப்பிரமணிய ஐயர் பதிலுக்குச் சண்டை போடவில்லை. இரண்டு பட்டங்களையும் திருப்பி அனுப்பினார். ஜாலியன்வாலா பாகுக்கு முன்னால், தாகூர் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால்.

#20 வைகைக்கரை

ஐயா, இதை நேற்று இரவு தங்கச்சிக்குப் படித்துக் காட்டினேன். அவள் உடனே கேட்டது, "வில்சன் பதில் போட்டாரா?" இல்லைம்மா என்றேன். "மழுப்பலாக்கூடவா?" என்றாள்.

#21 எட்டாம்நம்பர்

எல்லாம் சரி தல. ஒன்பதுக்கு அப்புறம் என்னன்னு இப்பவாவது சொல்லுங்க.

#22 வைகைக்கரை

பத்து, ஆஸ்திரியா-ஹங்கேரி. பதினொன்று, ருமேனியா, செர்பியா, மாண்டினீக்ரோ. பன்னிரண்டு, துருக்கி. பதிமூன்று, போலந்து. பதினான்கு, சங்கம். தப்பில்லை என்று நினைக்கிறேன்.

ஐந்தாவதை நான் அன்றைக்கே சரியாகத்தான் சொன்னேன். அதற்கு அடி விழவில்லை. அதில் நம்ம ஊர் வருமா வராதா என்று கேட்க எனக்கும் தோன்றவில்லை, வாத்தியாரும் அடுத்தது என்றார்.